ஓடிக்கிட்டே வளர்ந்துடுறாய்ங்க: மதுரைப் படங்கள்ல சின்னப் பிள்ளைக எங்க?

கீழவாசல்காரன் · வெள்ளி, இரவு 10:12

போன வாரம் எட்டாவது படிக்கிற மகனோடு உட்கார்ந்து டிவியில் ஒரு படம் பார்த்தேன். பெயர் வேண்டாம், நீங்கள் எல்லோரும் இருபது முறை பார்த்த மாதிரியான படம்தான். மதுரை. ஒரு சின்னப் பையன் ஏதோ செய்துவிட்டு சந்து சந்தாக ஓடுகிறான். காலை மட்டும் காட்டுகிறார்கள். செருப்பில்லாத, புழுதி அப்பிய கால். ஒரு முக்கு திரும்புகிறது. திரும்பி வருவது பெரிய கால். கேமரா மேலே போனால் மீசை, ஹீரோ, விசில்.

மகன் கேட்டான்: "நடுவுல அவன் எங்கப்பா இருந்தான்?"

சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது.

நான் பிறந்தது 1981. பத்து வயதிலிருந்து பதினெட்டு என்றால் 1991 முதல் 1999 வரை. அந்த எட்டு வருடத்தில்தான் எங்கள் தெருவில் கேபிள் ஒயர் மாடிக்கு மாடி தாவியது. திண்ணைகளை இடித்து ஷட்டர் போட்டார்கள். நான் பிளஸ் டூ முடித்த 1999-ல் வெளியூர் பஸ்ஸெல்லாம் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 சீட்டு, ஆசியாவிலேயே பெரிசு என்று அப்பா யார் வந்தாலும் சொல்வார். இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை. ஊர் மாறியதை நான் பார்த்தது முழுக்க அரைக்கால் டவுசரோடுதான். படத்தில் அந்த முக்குத் திரும்பலில் போனது அந்த எட்டு வருடம்.

'காதல்' (2004), 'சுப்ரமணியபுரம்' (2008), 'ஆடுகளம்' (2011) மூன்றும் எனக்குப் பிடித்த படங்கள். மூன்றிலும் கதை ஆரம்பிக்கும்போதே எல்லோருக்கும் மீசை வந்தாச்சு. மதுரைக்குள் வளர்கிற ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளையை, சுற்றி ஊர் மாறுவதோடு சேர்த்துக் காட்டிய படம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், மகனிடம் பதில் சொல்ல வேண்டும்.


செல்லூர் மாப்ள · வெள்ளி, இரவு 10:40

அண்ணே, 'காதல்'ல ஒர்க்‌ஷாப்புப் பொடியன் கரட்டாண்டிய மறந்துட்டீங்களே!


கீழவாசல்காரன் · வெள்ளி, இரவு 10:44

அட ஆமாம். ஆனால் அவன் சிரிப்புக்கு வருகிற பையன் இல்லையா?


செல்லூர் மாப்ள · வெள்ளி, இரவு 11:31

அதான் அண்ணே வெசயமே. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நான் ஆறாவதோட ஸ்கூல நிப்பாட்டிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன். எந்தக் கடைன்னு வேணாம், ஓனர் இன்னும் இருக்காரு. மொத மூணு மாசம் வேலைன்னா கார்புரேட்டர பெட்ரோல்ல கழுவுறது, ஸ்பார்க் ப்ளக்க உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிறது, டீ வாங்கப் போறது. "பத்து பதினொண்ணு எடுரா"ம்பாரு. கணக்குல நான் தத்தி, ஆனா ஸ்பேனர் நம்பர் ஒரே நாள்ல மனப்பாடம் ஆயிருச்சு. ஏன்னா தப்பா எடுத்துக் குடுத்தா அதே ஸ்பேனர் முட்டில விழும். பத்து பதினொண்ணு, பன்னெண்டு பதிமூணு, பதினாலு பதினஞ்சு. அதான் என் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது வகுப்புன்னு வச்சுக்கங்க.

எனக்கும் பட்டப்பேரு இருந்துச்சு. இங்க சொல்ல மாட்டேன். ஓணான நம்ம பக்கம் கரட்டாண்டின்னுதான் சொல்லுவோம். கடைப்பையனுக்கு யாரும் அப்பா அம்மா வச்ச பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாய்ங்க. அந்தப் பேர வச்சதுலயே தெரிஞ்சுச்சு, படம் எடுத்த ஆளு ஒர்க்‌ஷாப்ப நல்லாக் கவனிச்சிருக்காருன்னு.

'காதல்' வந்தப்ப நானே மெக்கானிக் ஆயிட்டேன், எனக்குக் கீழ ஒரு பொடியன் இருந்தான். ரெண்டு பேரும்தான் படத்துக்குப் போனோம். கரட்டாண்டி பேசுனப்பல்லாம் தியேட்டரே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். பக்கத்துல திரும்பிப் பாத்தா பொடியன் சிரிக்கல. வாயப் பொளந்து பாத்துட்டிருந்தான். அம்புட்டுப் பெரிய திரையில தன்னய மாதிரி ஒருத்தன அன்னைக்குத்தான் அவன் பாக்குறான்.

படம் பாத்தவங்க சொல்லுங்க. கரட்டாண்டி ராத்திரி எங்க போய்ப் படுப்பான்? அவன் வீடு உங்களுக்கு ஞாபகம் வருதா? எனக்கு வரல.


தோகா திருநகர் · சனி, காலை 7:05

அருமையான திரி. நாம் வாழ்ந்த பால்யம் இப்போதைய பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? தெப்பக்குளம் காய்ந்து கிடந்தபோது உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடினோம். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து மேட்ச் நடக்கும், எந்தப் பந்து எந்த மேட்ச்சுடையது என்றே தெரியாது. மைய மண்டபத்துப் பக்கம் அடித்தால் சிக்ஸர். தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி, மரணக்கிணறு, டெல்லி அப்பளம். இப்போது எல்லாம் போன்! இந்த சொர்க்கத்தை யாராவது படமாக எடுக்க வேண்டும்.


மாசிவீதி மல்லி · சனி, காலை 9:48

திருநகர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தத் தெப்பக்குளத்துக்குள்ள பத்துப் பதினஞ்சு மேட்ச் நடந்துச்சே, அதுல எத்தனை பொம்பளப்பிள்ளைக பந்து போட்டுச்சு?

எனக்கும் அதே வயசுதான், அதே ஊருதான். நாங்க பாத்தது மொட்டை மாடி. அங்கயிருந்து நாலு கோபுரமும் தெரியும், பக்கத்து வீட்டு வடாம் தெரியும், கீழ தெருவுல உங்க கிரிக்கெட் தெரியும். பதிமூணு வயசுல சடங்கு சுத்துனாங்க. அதுக்குப் பிறகு மாடிக்கும் நேரம் வந்துருச்சு. விளக்கு வச்ச பிறகு போகக் கூடாது, துணி எடுக்க மட்டும் போகலாம். அந்த வருசமே எதுத்தாப்புல மூணு மாடில ஒரு லாட்ஜ் கட்டுனாங்க. அதோட துணி எடுக்கக்கூடத் தம்பியத்தான் அனுப்புனாங்க. ஊரு மாறுனா ஆம்பளப் பையனுக்கு மைதானம் போகும். எங்களுக்கு ஒரு ஜன்னலே போகும்.

'சுப்ரமணியபுரம்' பத்தி எல்லாரும் 1980-ஐ அப்படியே கொண்டாந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. நெசந்தான். பெல்பாட்டம், நீளக் காலரு, ரேடியோ, 'முரட்டுக்காளை' ரிலீஸ் அன்னைக்குத் தியேட்டர்ல நடக்குற ரவுசு, எல்லாம் சரியா இருக்கும். ஆனா அதுல வர்ற கதாநாயகி துளசிய நாம எப்பவும் ஹீரோ பாக்குற பக்கத்துல இருந்துதானே பாக்குறோம்? அவ பாவாடை சட்டையில பாண்டி விளையாடுன தெரு எது, கூட ஆடுனது யாரு? தெரியாது. பையனாச்சும் ஒரு முக்குத் திரும்புறதுக்குள்ள வளர்றான். எங்கள வளர்ந்த பிறகுதான் படத்துக்குள்ளயே விடுறாங்க.


தோகா திருநகர் · சனி, காலை 10:02

இதை நான் யோசித்ததே இல்லை, மல்லி. என் தங்கை ஒருநாளும் தெப்பக்குளத்துக்குள் இறங்கியதில்லை. வடிகட்டிய உண்மை.


மேலூர் வண்டி · சனி, மதியம் 1:20

கீழவாசல் அண்ணனுக்கு: பிள்ளைகளக் காட்டுன ஆளுக இருக்காங்க. ஆனா அவங்க மதுரைக்குள்ள இருந்து வரல, சுத்துப்பட்டுல இருந்து வந்தவங்க.

'காக்கா முட்டை' மணிகண்டன் உசிலம்பட்டிப் பக்கம். 'கூழாங்கல்' வினோத்ராஜ் எங்க மேலூர்ப் பக்கம். ரெண்டு படத்துலயும் யாரும் ஓடிக்கிட்டே வளரல. பத்து வயசுலயே ஆரம்பிச்சு பத்து வயசுலயே முடியுது. 'காக்கா முட்டை'ய எடுத்துக்கங்க. ரெண்டு பையன்களும் காக்கா முட்டை எடுத்துக் குடிக்கிற மரம், விளையாடுற எடம், அதை வித்து மரத்த வெட்டி பீட்சா கடை கட்டுறாங்க. 299 ரூவா பீட்சா. அவங்களோ ரயில் தண்டவாளத்துல கரி பொறுக்கி விக்கிற பயலுக. நகரம் மாறுதுன்னு வசனமே கிடையாது. மரம் இருந்த எடத்துல கடை இருக்கு, அம்புட்டுதான். நீங்க கேட்டது இதான?

'கூழாங்கல்' எங்க அரிட்டாபட்டி. குடிகார அப்பன், கூட வேலுங்கிற பையன், வெயில்ல நடை. 2021-ல ராட்டர்டாம் பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு. பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்ல வாயில போட்டு அதக்கிக்குவான். வீட்டுக்கு வந்து அதை எடுத்து வைக்கிற எடத்துல ஏற்கனவே ஒரு குமியலே கெடக்கும். அத்தனை தடவ நடந்திருக்கான். ஒரு பய வளர்றதக் காட்ட இதவிட என்ன வேணும்?

அரிட்டாபட்டிய 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. ரெண்டு வருசம் கழிச்சு அங்கிட்டே டங்ஸ்டன் சுரங்கம்னாங்க. ஊரே திரண்டு மதுரைக்கு நடந்துச்சு, 2025 ஜனவரில அந்த ஏலத்த ரத்து பண்ணாங்க. படத்துல வேலு நடந்த பாறையப் பாத்தவங்களுக்கு எதக் காப்பாத்துனாங்கன்னு தெரியும்.


கீழவாசல்காரன் · சனி, மதியம் 2:15

தம்பி, இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த படங்கள். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது பாருங்கள். உசிலம்பட்டிக்காரர் நகரத்துப் பிள்ளையைக் காட்டச் சென்னைக்குப் போனார். மேலூர்க்காரர் சொந்த மண்ணைக் காட்டினார், ஆனால் அது பொட்டல். நடுவில் மதுரை என்று ஒரு ஊர் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், பைபாஸில் போகிற பஸ் மாதிரி.


மேலூர் வண்டி · சனி, மதியம் 2:31

அது அவங்க தப்பு இல்லண்ணே. மதுரைக்குள்ள கேமரா வச்சாலே கையில அருவா குடுத்தாகணும்னு யாரு சட்டம் போட்டா? நான் ஏழு வருசம் தெனமும் மேலூர்ல இருந்து பஸ்ல டவுனுக்கு வந்து படிச்சவன். பஸ்ல தொங்கிக்கிட்டே வளர்ந்தேன். ஒத்தக்கடை தாண்டுனா யானைமலை, அதத் தாண்டுனா 2004-ல வந்த ஹைகோர்ட்டு, வருசத்துக்கு ரெண்டு கட்டடம் கூடும். இதையெல்லாம் எடுக்கலாமேன்னு சொன்னா சிரிப்பாங்க.


செல்லூர் மாப்ள · சனி, மதியம் 3:06

நான் வாழ்க்கையில பாத்த மொத்த அருவாவும் இளநிக்கடையிலதான். வெளியூர்க்காரன் வண்டி சர்வீசுக்கு வந்தா மெதுவாப் பேசுறான், பயப்படுறானாம்!


மட்டுறுத்துநர் · சனி, மாலை 4:00

சாதிப் பெயர் இழுத்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.


ஆப்பரேட்டர் மகன் · சனி, இரவு 9:17

ரெண்டு நாளாப் படிச்சிட்டிருக்கேன். எங்கப்பா முப்பது வருசம் ஆப்பரேட்டர். தியேட்டர் பேரு வேணாம், கடைசி ஆறு மாசச் சம்பளம் இன்னும் வரல. இப்ப அது கல்யாண மண்டபம்.

மொதல்ல அந்த ஓடுற கால் வெசயம். நான் அதைக் கையில பிடிச்சுப் பாத்திருக்கேன். படச்சுருள் ஒரு அடிக்கு 16 கட்டம் இருக்கும், ஒரு செகண்டுக்கு 24 கட்டம் ஓடும். பிரிண்டு அறுந்து ஒட்டும்போது ஒண்ணு ரெண்டு கட்டத்த வெட்டிப் போட்டாகணும். அந்தத் துண்டெல்லாம் எனக்கு. ஒருதடவ அப்பிடி வந்த துண்டுல ஒரு கட்டத்துல சின்னக் கால், அடுத்த கட்டத்துல பெரிய கால். நடுவுல ஒரு கோடு. நூல் கனம்தான் இருக்கும். கீழவாசல் அண்ணன் கேக்குற எட்டு வருசம் அந்தக் கோட்டுலதான் இருக்கு.

எங்க தெருப் பயலுகளுக்கு நான்தான் சினிமா. செய்முறை சொல்றேன், இப்ப உள்ள பிள்ளைகளுக்கு உதவும். ஃபியூஸ் போன குண்டு பல்பு ஒண்ணு. அடியில இருக்குற கருப்ப ஆணியால பைய்யத் தட்டிப் பேத்துட்டு, உள்ள இருக்குற கண்ணாடித் தண்டையும் கம்பியையும் ஒடைச்சு எடுக்கணும். இங்கதான் பாதிப் பேரு கையக் கிழிச்சுக்குவாய்ங்க. பிறகு கழுத்து வரைக்கும் தண்ணி. அதான் லென்சு. ரூம இருட்டாக்கி, கதவு இடுக்குக்கு நேரா வெளிய ஒரு பய முகம் பாக்குற கண்ணாடியப் பிடிச்சு வெயில உள்ள அனுப்புவான். அந்த ஒளியில துண்டத் தலைகீழாப் பிடிச்சு, முன்னாடி பல்ப முன்ன பின்ன நகட்டுனா எதுத்த செவுத்துல கட்டுன வேட்டில ரஜினி நிமிந்து நிப்பாரு. அசைய மாட்டாரு. ஆனா கலரா இருப்பாரு. டிக்கெட் பத்து பைசா, இல்லாட்டி ரெண்டு கோலிக்குண்டு.

கண்ணாடி பிடிக்கிற பயதான் பாவம். வெயில்ல நிப்பான், படம் பாக்க முடியாது. சூரியன் நகர நகரக் கண்ணாடியத் திருப்பிக்கிட்டே இருக்கணும். ஆள மாத்திக்கிட்டே இருப்போம், இல்லாட்டிச் சண்டை வந்துரும்.

'கூழாங்கல்'ல வேலு ஒடஞ்ச கண்ணாடிச் சில்ல வச்சு முன்னாடி போற அப்பன் முதுகுல வெயில அடிப்பானே, அதப் பாத்ததும் எனக்கு இதான் ஞாபகம் வந்துச்சு. மேலூர்த் தம்பி அதை விட்டுட்டீங்க.

அப்புறம் 'வெயில்' (2006) இங்க ஏன் யாரும் சொல்லல? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுப் படம் பாத்ததுக்கு அப்பன் வெயில்ல கட்டி வைப்பான், பையன் ஓடிப்போயி தியேட்டர்ல ஆப்பரேட்டரா வளருவான், கடைசில அந்தத் தியேட்டரும் போயிரும். அண்ணன் கேட்ட எல்லாம் அதுல இருக்கு. எங்கப்பா அதை ஒருதடவ பாத்தாரு. ரெண்டாவது தடவ டிவில வந்தப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.


கீழவாசல்காரன் · சனி, இரவு 9:50

'வெயில்' எப்படி விட்டுப் போனது என்று தெரியவில்லை, தப்புத்தான். அந்தப் பையன் உண்மையாகவே கண்முன்னால் வளர்கிறான். ஆனால் அதுவும் விருதுநகர் மண்ணின் கதை. மதுரைத் தியேட்டர்களுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1937-ல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் சிந்தாமணி தியேட்டர் கட்டினார்கள். விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் ஒரு பக்கம் நூலகம், இன்னொரு பக்கம் ரீகலில் இங்கிலீஷ் படம். ஊரே படத்தால் கட்டிய ஊர். அந்தத் தியேட்டர் வாசலில் முறுக்குத் தட்டோடு நின்ற பையனை மட்டும் எந்தப் படமும் உள்ளே கூப்பிடவில்லை.


ஆப்பரேட்டர் மகன் · சனி, இரவு 10:08

அதுக்கு வியாபாரக் கணக்கு ஒண்ணு இருக்குண்ணே. விநியோகத்துல நம்ம பக்கம் எம்.ஆர். ஏரியா, மதுரை-ராமநாடு. "எம்.ஆர்.ல சண்டை இருந்தா ஓடும், சின்னப் பிள்ளைப் படம் எவன் வாங்குவான்?" இதை எங்க கேபின்லயே அம்புட்டுப் பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். சொன்னவரு பேத்தி மடில உக்காந்திருக்கும், அவரு 'ரத்தம் இருக்கா'ன்னு கேட்டுட்டிருப்பாரு.


மாசிவீதி மல்லி · சனி, இரவு 10:33

ஆப்பரேட்டர் அண்ணே, அந்தப் பத்து பைசாப் படத்துக்குப் பொம்பளப்பிள்ளைகள விட்டீங்களா?


ஆப்பரேட்டர் மகன் · சனி, இரவு 10:41

விட்டோம்க்கா. கோலி இல்லாட்டிப் புளியங்கா வாங்கிக்குவோம். ஆனா கண்ணாடி பிடிக்கிற வேலைய ஒருநாளும் குடுக்கல. இப்ப நீங்க கேட்டதும்தான் தோணுது, வெயில்ல கறுத்துருவீங்கன்னு உங்க வீட்டுல வைவாங்கன்னு பயந்தோம்.


கீழவாசல்காரன் · சனி, இரவு 11:15

மகனிடம் பல்பு சினிமாவைப் படித்துக் காட்டினேன். உடனே செய்ய வேண்டுமாம். வீட்டில் எல்லாம் எல்.இ.டி. அதைப் பிரித்தால் உள்ளே பச்சைத் தகடுதான் இருக்கிறது. குண்டு பல்பு எங்கே கிடைக்கும்? படத்துண்டுக்கு எங்கே போவது?


செல்லூர் மாப்ள · சனி, இரவு 11:22

பல்பு நான் தர்றேண்ணே. கடைப் பரண்ல ரெண்டு மூணு கெடக்கு. ஃபியூஸ் போனதான்னு தெரியாது, போகாட்டியும் பரவால்ல.


ஆப்பரேட்டர் மகன் · சனி, இரவு 11:25

துண்டு எங்கிட்ட ஒரு பிஸ்கட் டின் நெறய இருக்கு. அந்தக் கால் துண்டும் இருக்கும், தேடணும். நாளைக்கு வாங்க. பத்து மணிக்கு மேல வந்தாத்தான் எங்க மாடிக் கதவுக்கு நேரா வெயில் விழும்.


கீழவாசல்காரன் · ஞாயிறு, மாலை 5:40

போய் வந்தோம். முதல் பல்பு மாப்ள கையிலேயே உடைந்தது. ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு பல்பு தோதுப்படவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டாவது தேறியது.

கால் துண்டு கிடைத்தது. நிறம் பூராவும் சிவந்துவிட்டது. வேட்டியில் ஒரு சின்னக் கால் விழுந்தது. மகன் துண்டை மெல்லக் கீழே இறக்கினான். கோடு வந்தது, வேட்டியில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, கிட்டப் போய் அதைத் தொட்டுப் பார்த்தான். அவன் நிழல் விழுந்து படம் மறைந்துவிட்டது.

வெளியே கண்ணாடி பிடித்தது மல்லியின் மகள். மல்லி ஃபோனில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அனுப்பி வைத்திருந்தார். அரை மணி நேரம் யாரிடமும் கண்ணாடியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.


மாசிவீதி மல்லி · ஞாயிறு, மாலை 6:02

மூக்கெல்லாம் செவந்து வந்திருக்கா. அடுத்த வாரமும் போகணுமாம். துண்டு இன்னும் இருக்கா அண்ணே?


ஆப்பரேட்டர் மகன் · ஞாயிறு, மாலை 6:10

டின்னுல பாதி கூட இன்னும் பாக்கல. பல்புதான் ஒண்ணே ஒண்ணு இருக்கு. மாப்ளய அதத் தொட விடாதீங்க.